யோஹானின் சொத்தைப் பல்

மகளே,

அன்று பல் டாக்டரம்மா, உன் அண்ணன் ஜூஸ்தின், உன் பிள்ளை யோஹான், நான், இவ்வளவு பேர்தான் இருந்தோம்.

ஆட்டிசப் பிள்ளையை அவசரப்படுத்தக் கூடாதென்று மூன்று வாரமாக அந்தம்மா சொத்தைப் பல்லைத் தொடவேயில்லை. நாற்காலியை ஏற்றி இறக்கி விளையாட்டுக் காட்டினார், சின்னக் கண்ணாடியை அவன் கையில் கொடுத்தார். இது என்ன வைத்தியமோ! ஆனால் நாலாம் வாரம் அவனே வாயைத் திறந்தான்.

"தொறந்துட்டான், இப்பவே புடுங்கிடுங்க! அம்மா, நீ கால புடி" என்று ஜூஸ்தின் அவன் தோளை அமுக்கினான். "ஐயோ, விடுங்க ரெண்டு பேரும்!" என்று டாக்டரம்மா கத்தினார்.

அன்றிலிருந்து யோஹான் என் கையால் சோறு வாங்குவதில்லை. ஜூஸ்தின் ஊட்டினால் தின்கிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் காலை மெதுவாகத்தான் பிடித்தேன்.

ஜூஸ்தினை மன்னிக்கவே மாட்டேன்.

உன் அம்மா