செல்வராசுக்கு நான் எழுதிக்கொடுத்த ‘இல்லை’

ஆவணி 9

காலையிலிருந்து தூறல். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கொடியில் போட்ட துணி காயவில்லை.

“டீச்சரம்மா, நான் என்ன தொழில்?” போன மாதம் செல்வராசு கேட்ட கேள்வி. இன்று முழுவதும் அதே நினைவு. என்னிடம் மூன்றாம் வகுப்புவரை படித்தவன், இப்போது நாற்பதை நெருங்குகிறான். நாகப்பட்டினம் ஏஜெண்டு கொடுத்த துபாய் வேலைப் படிவத்தை என் மேஜையில் விரித்தபடி கேட்டான்.

“உழுவுறவன். வேற என்ன?”

“அப்புடிப் போட்டா எடுக்க மாட்டானாம். கம்பி கட்டுறவன்னு எழுதுங்க. ரெண்டு கோடை பாலத்து வேலையில செஞ்சிருக்கேன், பொய்யில்ல.”

எழுதினேன். அடுத்த கட்டம்: ஊரில் பயிர்ப் பொறுப்பு உண்டா? அறுவடைக்கு லீவு கேட்கும் ஆள் கம்பெனிக்கு வேண்டாமாம். அவன் யோசித்துக்கொண்டிருந்தான். நான் காத்திருக்கவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்ன பாடம்: கட்டத்தைக் காலியாக விடாதே. ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன். குண்டு குண்டான, நல்ல கையெழுத்தில்.

இன்று வேலை உத்தரவு வந்தாயிற்று. புரட்டாசி 4 விமானம். அவன் மனைவி புஷ்பம் கற்கண்டு கொண்டுவந்தாள். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. தண்ணீர் வராமல் இரண்டு வருஷம் சம்பா கருகிய வீடு.

ஆவணி 14

வெயில். முதுகுவலி. தைலம் தீர்ந்தது.

செல்வராசு ஒரு தாளோடு வந்தான். அவன் குத்தகைக்கு உழும் வயலின் நிலத்துக்காரர் தாசில்தாரிடம் மனு போட்டிருக்கிறார். இரண்டு ஏக்கருக்கு வரும் அந்த ஆறு மா நிலத்தைக் குத்தகைதாரன் இப்போது பயிரிடுவதில்லை, அதனால் குத்தகைப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கவும். ஆதாரமாக அந்தத் துபாய்ப் படிவத்தின் நகல். என் எழுத்து. ஏஜெண்டு ஆபீசில் கணக்கு எழுதுபவர் நிலத்துக்காரரின் காரியஸ்தருக்கு மருமகனாம்.

செல்வராசின் அப்பா விவசாய சங்கத்துக் கொடி பிடித்து, அடி வாங்கி, மூன்று மாதம் உள்ளே இருந்து பதியவைத்த பெயர் அது.

“போவாம இருந்துடவா டீச்சரம்மா?”

கூட வந்த புஷ்பம் கேட்டாள்: “இருந்து? இந்த வருசமும் கருகுனா மாட்டுக்கு அறுத்துப் போடவா?”

ஆவணி 21

தாலுகா ஆபீஸ். புஷ்பத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். சுவரில் முதலமைச்சர் படம் புதுசு, ஒட்டடை பழசு.

“எழுதினது நான்தான் சார்” என்றேன்.

“கையெழுத்து அவருதுதானே டீச்சர்?” என்றார் தாசில்தார். பொல்லாத மனிதர் இல்லை. பிறகு அவரே சொன்னார்: வீட்டு ஆள் ஒருவர் வயலில் உடம்பால் உழைத்தாலும் குத்தகை நிற்கும். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் புரட்டாசியில் நேரில் வந்து பார்ப்பார்.

வாசலில் காரியஸ்தர். “நடவு நடுறதெல்லாம் கூலியாளு வேல. உழுவணும்ல? புருசன் துபாய்ல, பொண்டாட்டி ஏரு புடிப்பாளாக்கும்!”

“புடிக்கத்தான் போறேன். வரப்புலயே நின்னு பாருங்கய்யா. வேட்டி அழுக்காயிடும்.”

புஷ்பம் சொல்லிவிட்டாள். நடவு, களை, அறுப்பு எல்லாம் பெண்கள்தான். ஏரை மட்டும் எங்கள் பக்கம் பெண் தொட்டு நான் பார்த்ததில்லை.

தைலம், மை, உளுந்து வாங்க மறந்தேன்.

புரட்டாசி 3

புழுக்கம். செல்வராசு மாலை பஸ்ஸில் சென்னை போனான்.

பத்து நாளாக விடியலில் அவனும் புஷ்பமும் வயலில். பால் வாங்கப் போகும்போது பார்ப்பேன். மாடு அவள் பேச்சைக் கேட்கவில்லை. “என்னாட்டம் அதட்டு. கெஞ்சுனா நிக்கும்” என்பான். முந்தாநாள் அவனைப்போலவே குரல் கொடுத்தாள், மாடு திரும்பிற்று. இருவரும் சிரித்தார்கள். ரோட்டில் போன ஒருத்தி, “கலி முத்திப்போச்சு” என்றாள். சிரிப்பு நின்றது. ஏர் நிற்கவில்லை.

போகும்போது என்னிடம், “உங்க மேல வருத்தமில்ல டீச்சரம்மா.” திட்டியிருக்கலாம்.

புரட்டாசி 8

மேகமூட்டம், மழை இல்லை.

பத்து மணிக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். வரப்பில் காரியஸ்தர், ரோட்டில் பாதி ஊர். புஷ்பம் சேலையைச் சொருகிக்கொண்டு ஏர் பூட்டினாள். மூன்று சுற்று. ஏர் கிழித்த சால் கோணல்.

“இது சாலா, பாம்பு போன தடமா?” என்றார் காரியஸ்தர்.

“நேரா கோணலான்னு பாக்க வரல” என்றார் இன்ஸ்பெக்டர். ஏதோ எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். ‘போடும்மா, போடு’ என்று என் மனசு அவசரப்பட்டது.

“படிச்சுக் காட்டுங்க சார்” என்றாள் புஷ்பம்.

அவர் படித்தார்: ‘கணவர் நிலத்தை விட்டுவிட்டு வெளிநாடு சென்றதால் மனைவி பயிரிடுகிறார்.’

“நெலத்த விடல சார். வேலைக்குப் போயிருக்காரு. சம்பளம் இந்த நெலத்துக்குத்தான் வரும். அத அடிச்சுட்டு எழுதுங்க.”

காரியஸ்தர், “எல்லாம் ஒண்ணுதாம்மா” என்றார்.

“ஒண்ணுன்னா நான் சொல்றதயே எழுதட்டும்.”

அடித்தார். திருத்தி எழுதினார். மறுபடி படிக்கச் சொன்னாள், படித்தார். பிறகுதான் கையெழுத்து. தாளின் ஓரம் சேறு. உத்தரவு வர நாளாகும், பெயர் நிற்கும் என்று சொல்லிப் போனார். புஷ்பம் வரப்பில் உட்கார்ந்து அழுதாள், முதல் தடவையாக.

அன்றைக்கு நான் அந்தக் கட்டத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் செல்வராசு என் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பான்.

நாளைக்கு யாருக்காவது படிவம் எழுதித்தர உட்கார்ந்தால் இதைச் செய்து பார்: பேனா மூடியைத் திறக்காமல் முழுவதையும் அவர் காதில் விழும்படி படி.