நான்காவது பெட்டி

கள்ளிக்குப்பம்
6.4.2025

அன்புள்ள பவ்யா,

மாடியில் உள்ள பெட்டிகளை யாரும் தொடவில்லை. இன்று காலை கீழ்வீட்டு ராஜகுமாரி அக்காவே சொன்னார்: “இன்னா தம்பி, பவ்யா போனதுலேர்ந்து மாடிக்கு ஒரு காக்கா வர்ல. நீயே மாட்றே, நீயே தேட்றே!”

போனில் பேசினால் சண்டை வருகிறது, எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன். மார்ச் 9 காலை என் ட்ரோன் மாடிச் சுவரில் மோதி உடைந்தபோது, “நீதான் பெட்டியை நகர்த்தியிருப்பே” என்றேன். நீ ஓசூரில் உன் அக்கா வீட்டுக்குப் போய் நான்கு வாரம் ஆகிறது. பழுதுபார்த்துப் பறக்கவிட்டால் அதே கோளாறு.

மாடியின் நான்கு மூலையிலும் நான்கு அல்ட்ரா வைட்பேண்ட் பெட்டிகள். ரேடியோ அலை போய்வரும் நேரத்தை வைத்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு ட்ரோன் தன் இடத்தை அறிகிறது. மாலை ஐந்தரைக்குப் பத்து சென்டிமீட்டருக்குள் சரியாக நிற்கிறது. காலை ஏழுக்கு ஒன்றரை மீட்டர் தள்ளிப் போகிறது. தினமும். வெயிலா, செல்போன் கோபுரமா, ஒன்றும் புரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

வேளைக்குச் சாப்பிடு.

திருமுருகன்

ஓசூர்
10.4.2025

அன்புள்ள திருவுக்கு,

நலம். என்னிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். அன்று நீங்கள் கேட்கவில்லை, முடிவு சொன்னீர்கள்.

நான்காவது பெட்டி முதலில் என் துணிக் கம்பத்தில் இருந்தது. புடவை மாட்டிக்கொள்கிறது என்று நான் சொன்னதும், பிப்ரவரியில் நீங்களே கழற்றித் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் வைத்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா? ஆறு மணிக்கு மோட்டார் போட்டால் ஏழு மணிக்கு டேங்க் நிறைந்திருக்கும். சாயங்காலம் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். மார்ச் வரை தினமும் மோட்டார் போட்டவள் நான், இப்போது நீங்கள் போடுவீர்கள். தண்ணீர் உங்கள் அலையை மறைக்குமா? பாருங்கள்.

மறைத்தால், பெட்டியைப் பழைய கம்பத்துக்கே மாற்றுங்கள். அங்கே இப்போது துணி காய்வதில்லை.

இப்போது தற்காலிகமாக வேலை பார்க்கும் இந்த ஓசூர் கிளையிலேயே நிரந்தரமாக இருக்கிறேனா, நம் வீட்டுப் பக்கத்து அம்பத்தூர் ஆபீசுக்குத் திரும்புகிறேனா என்று முப்பதாம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். படிவத்தை இரண்டு தடவை எடுத்து, நிரப்பாமல் வைத்துவிட்டேன்.

பவ்யா

கள்ளிக்குப்பம்
20.4.2025

அன்புள்ள பவ்யா,

காரணம் தண்ணீர்தான். சோதித்துப் பார்த்துவிட்டேன். புத்தாண்டன்று காலை மோட்டார் போடாமல் விட்டேன். ட்ரோன் ஆடாமல் நின்றது. மாலையில் டேங்கை நிரப்பினேன். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனது. “நல்ல நாளும் அதுவுமா குளிக்கத் தண்ணி இல்லாம அல்லாரும் நிக்கிறோம், நீ பொம்ம வுட்டுகினு கீறியா?” என்று ராஜகுமாரி அக்கா படியேறி வந்து கத்தினார். அடுத்த மூன்று நாளும் அவர் அனுமதியோடு பார்த்தேன். அதேதான்.

அலை தண்ணீரைத் தாண்ட முடியாமல் சுவரில் பட்டுச் சுற்றி வருகிறது. பெட்டி எங்கோ தூரத்தில் இருப்பதாக ட்ரோன் நம்பிவிடுகிறது. அதை அங்கே வைத்தவன் நான். பெட்டியின் புது இடத்தை அளந்து ட்ரோனில் பதிந்துவிட்டதால் என் பக்கம் தப்பே இருக்காது என்று நினைத்து, உன்மேல் பழி போட்டேன். மன்னித்துக்கொள்.

பெட்டியை உன் கம்பத்தில் மாட்டவில்லை. பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றித் தனிக் குழாய் நட்டு, அதில் மாட்டியிருக்கிறேன். நேற்று காலையும் மாலையும் சரியாக இருந்தது. துணிக் கம்பத்துக்குப் புதுக் கயிறு கட்டியிருக்கிறேன்.

படிவத்தில் நீ என்ன எழுதுவாய் என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் தயக்கமாக இருக்கிறது. முப்பதாம் தேதி, புதன்கிழமை, தெரிந்துவிடும். அதுவரை ஆறு மணி மோட்டாரை நானே போடுகிறேன்.

திருமுருகன்