மறுபடியும் வந்தால்

புதன், இரவு

மகள் ஆரணிக்கு இன்று பின்னேரமும் வலிப்பு வந்தது. பள்ளிக்கூட உடுப்போடு குசினித் தரையில் கிடந்து துடித்தாள். அடங்கியதும் எங்கள் மருத்துவக் காப்புறுதிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர்கள் காட்டுகிற டொக்டரிடம்தான் நாங்கள் போகலாம்.

பேசியவள் ஒரு தமிழ்ப் பிள்ளை. "அக்கா, எங்கட நரம்பு டொக்டரிட்ட அடுத்த மாசம்தான் இடம் இருக்கு."

"வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில குழந்தையில இருந்து அவளைப் பார்க்கிற டொக்டரிட்டப் போகலாமோ?"

"அவர் இப்ப எங்கட திட்டத்தில இல்லை, அக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"திரும்ப வந்தா உடன அம்புலன்சைக் கூப்பிடுங்கோ. வார்டில மறிச்சு வச்சிருந்தா அங்கயே நரம்பு டொக்டர் வந்து பார்ப்பார். நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ."

இவரிடம் சொன்னேன். ஆரணியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

அவள் நல்ல நித்திரை. மூச்சு சீராக வருகிறது. அதைக் கேட்க எனக்கு நிம்மதியாக இருக்கவேண்டும். ஆனால், வருகிறதென்றால் இன்றிரவே வந்துவிடட்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.