கரை நிலையாக இருக்கிறதாம்

கம்போங் ராஜா
நவம்பர், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிர் நாட்டில் நீ காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், என் சுகத்தை இதைப் படித்து முடித்த பிறகு நீயே தெரிந்துகொள். ஏரிக்கரையைப் பற்றி உன் பெயர் போட்டு வந்த அறிக்கை உன் அப்பாவைத் தண்ணீருக்குக் கொடுக்கப் போகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், வீட்டுச் செய்தி பிறகு. போனில் சொன்னால் லைன் சரியில்லம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது.

பழைய தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கீழே ஏரிக்கரை போன வாரத்து மழையில் இடிந்து விழுந்தது. இடுகாட்டின் முதல் வரிசை முழுவதும் போய்விட்டது. உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டாளே ருக்குமணி அக்கா, அவள் சமாதி இல்லை. அவள் பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் போன் போட்டுச் சொன்னவள் நான். அடுத்த வரிசை உன் அப்பாவுடையது. அவருக்கும் தண்ணீருக்கும் இடையில் இப்போது ஒரு லோரி நிற்கிற அளவுகூட மண் இல்லை.

மறுநாளே மாவட்ட நில அலுவலகத்துக்குப் போனேன். சமாதிகளைத் தோண்டி எடுத்து மேலே புதைக்க அனுமதி கேட்டேன். அங்கிருந்த பெண் நல்லவள்தான், மக்சிக் என்று அத்தை முறை வைத்துக் கூப்பிட்டு, நாற்காலி கொடுத்து உட்கார வைத்து ஃபைலைத் திறந்தாள். கரை நகரவில்லை, நிலையாக இருக்கிறது, ஆபத்து எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறதாம், ஒரு வரிசையே போய்விட்டது என்றாலும் ஃபைலில் இருப்பதுதான் கணக்காம், ஆபத்து இல்லாத இடத்தில் சமாதியைத் தோண்ட மேலிடம் சம்மதிக்காதாம். யார் எழுதியது என்று கேட்டேன். மக்சிக், உங்க மகளேதான் எழுதியிருக்காங்க என்று சொல்லி உன் பெயரைத் தொட்டுக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டித் துடைத்து உன்னைப் படிக்க வைத்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்கு அன்று புரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு லீவில் வந்தபோது, கரை எவ்வளவு அரிக்கிறது என்று அளக்க நீயே இடுகாட்டுக்கு வெளிப்புறம், தண்ணீர் பக்கமாக, நான்கு இரும்புக் கம்பி நட்டாய். தலையில் சிவப்புச் சாயம் அடித்தாய். மாதாமாதம் கம்பியிலிருந்து கரை விளிம்புவரை டேப் பிடித்துப் படம் அனுப்பு என்று என் அண்ணன் மகன் மகேனிடம் சொல்லிவிட்டுப் போனாய், அவனும் ஒரு மாதம் தவறவில்லை. எனக்கு முட்டி போன பிறகு நான் கீழே இறங்குவதில்லை, மகள் பார்த்துக்கொள்கிறாள் என்று இருந்துவிட்டேன். கரை இடிந்த பிறகு மகேனுடைய லோரியில் நானே ஏறிப் போய்ப் பார்த்தால் நான்கு கம்பியும் அப்பாவின் சமாதியைத் தாண்டி, லயத்துப் படிக்கட்டு ஓரமாக வரிசையாக நிற்கின்றன. மஞ்சள் துணி கட்டியிருக்கிறது, எலுமிச்சம்பழம் குத்தியிருக்கிறது, ஒரு கம்பியின் காலடியில் சுருட்டு. உன் அப்பா கம்பிக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிடக்கிறார்.

நட்ட இடம் எது என்று நீ யோசித்தாயா ரூபினி. முனியாண்டி மரத்துக்கு நேர் கீழே. நம் ஆள்கள் முனியாண்டி மரத்தடியில், சிவப்புத் தலையோடு ஓர் இரும்பு நிற்பதைப் பார்த்தால் என்ன செய்வார்கள் என்று இந்த லயத்தில் பிறந்த உனக்குத் தெரியாதா. அந்த ஆடியிலேயே பூசை ஆரம்பித்துவிட்டார்கள். பூசை என்று என் காதிலும் விழுந்தது, சாமி உன் கம்பிதான் என்று யார் கண்டார். தண்ணீர் கிட்டே வர வர, சாமி விழுந்துவிடக் கூடாது என்று கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பின்னால் நட்டிருக்கிறார்கள். அதுவும் ஏனோதானோவென்று அல்ல. முதலில் தண்ணீருக்கும் சாமிக்கும் எவ்வளவு இடம் இருந்ததோ அதே அளவு விட வேண்டும், குறைந்தால் குற்றம் என்று பூசாரி சொன்னாராம், அதற்கு ஒரு கயிறு வெட்டி வைத்து ஒவ்வொரு தடவையும் அளந்து நட்டிருக்கிறார்கள். நீ அங்கே உட்கார்ந்து, அளவு மாறவே இல்லை என்று எழுதினாய். எப்படி மாறும்.

மகேனைப் பிடித்துக் கேட்டேன். ஏன்டா சொல்லவில்லை என்றால், சாமிய யாராச்சும் அதே எடத்துல விட்டு வெப்பாங்களா அத்த, தண்ணி வருதுல்ல என்கிறான். படத்தில் துணி எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டேன். ரூபினிதான் செவப்பு நல்லா தெரியணும்னுச்சு, அதான் ஒவ்வொரு வாட்டியும் துணிய அவுத்துட்டு எடுத்தேன், எடுத்துட்டு மறுபடி கட்டிருவேன் என்று நல்ல பிள்ளையாகச் சொல்கிறான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. நீ கேட்டதை நீ கேட்டபடி செய்திருக்கிறான். தலையைத் தூக்கிச் சுற்றிலும் ஒரு படம் எடுடா என்று நீ ஒரு தடவை கேட்டிருந்தால் அதையும் செய்திருப்பான்.

கோயில் கமிட்டித் தலைவர் குகனேஸ்வரன் கதை வேறு. அவருக்குக் கம்பியை நகர்த்தியது நன்றாகத் தெரியும், கயிறு அவர் வீட்டுக் கூரையில்தான் தொங்குகிறது. ஆனால் வெளியே, சாமி தானாகவே பின்னால் நடந்து வருகிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது, ரிங்லட்டிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் வேன் பிடித்து வந்து பார்க்கிறார்கள். அலுவலகத்தில் வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்று வாசலில் போய் நின்றேன். அக்கா, நம்பி வர்ற சனங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன், சாமி விசயத்துல கைய வெக்காதீங்கலா என்றார். ருக்குமணி அக்காவின் பிள்ளைகள் மூஞ்சியில் நான் முழிக்கவில்லையா என்று கேட்டேன். உங்க மக எழுதுனதுக்கு நான் என்ன பண்றது என்று கதவைச் சாத்திவிட்டார். அவர் சொன்னது நிஜம், அதுதான் எனக்கு ஆத்திரம்.

போன மாதம் நீ அனுப்பிய உன் வேலையிடத்துப் படங்களைப் பார்த்தேன். ஆளில்லாத மீனவர் கிராமம், கடல் அரித்துக்கொண்டே வருகிறது, ஒரு கல் சரிந்தால் நான்கு பேர் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடி அளக்கிறீர்கள். ஸ்காட்லாந்துத் தீவாம். நம்மை வேலை வாங்கிய துரைகளில் பாதிப்பேர் அந்தப் பக்கத்து ஆள்கள்தான், அவர்கள் பாட்டன் வீட்டுச் சுவரை நீ காவல் காக்கிறாய், நன்றாகக் காப்பாற்று. அங்கே நீயே நடந்து பார்க்கிறாய், இங்கே படம் போதும் என்று நினைத்தாய். மலையை வெட்டி இந்தத் தேயிலையை முதன்முதலில் நட்டவர்கள் கட்டாந்தரையில் படுத்திருந்த லயம் அது, மரபு இடம் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

வீட்டுச் செய்தி அதிகமில்லை. மகேன் மனைவிக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். கியா பார்மில் கோஸ் தரம் பிரிக்கிற வேலைக்கு வாரத்தில் சில நாள் போகிறேன், நீ போகாதே என்று சொல்வாய், சொல்லிக்கொண்டிரு. அபூபக்கர் கடையில் ரொட்டி வாங்கப் போனால் மக எப்பக்கா வருது என்று கேட்கிறார், நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறேன். நீ பாறை விளிம்பில் நடக்கும்போது காற்றைப் பார்த்து நட, ராத்திரி சோறு சாப்பிடு, ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அந்த அறிக்கை தவறு என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், யாராலோ நேர்ந்த தவறு என்று சுற்றி வளைக்காமல், நான் இடத்தைப் பார்க்காமல் எழுதினேன் என்று எழுது. மகேன் முழு இடுகாட்டையும் படம் எடுத்து உனக்கும் அவர்களுக்கும் அனுப்புவான், நாளைக்கே அவனை அனுப்புகிறேன். குகனேஸ்வரன் கயிற்றோடு அலுவலகத்துக்கு வர வேண்டும், வரும்வரை நான் தினமும் காலையில் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவேன், சாமி பார்க்க வருகிறவர்கள் என்னையும் பார்த்துவிட்டுப் போகட்டும். ருக்குமணி அக்காவின் பிள்ளைகளிடம் நீதான் பேச வேண்டும், நான் ஒரு தடவை பேசிவிட்டேன். அனுமதி வந்ததும் டிக்கெட் எடுத்து வா. உனக்கு அண்ணன் தம்பி இல்லை. உன் அப்பாவின் எலும்பைப் பொறுக்கிக் கொடுக்க வேண்டியது உன் கை, பெண் தொடக்கூடாது என்று கமிட்டி சொன்னால் அவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை.

நீ நூறு வயது நல்லபடி இருக்க வேண்டும், கோபத்திலும் உன்னைச் சபிக்க என் நாக்கு திரும்பாது. ஒன்றை மட்டும் மறக்காதே. டிசம்பர் மழை உன் லீவுக்காகக் காத்திருக்காது. நீ வருவதற்குள் கரை அசைந்தால் அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மண்வெட்டியோடு நான் இறங்கிவிடுவேன், முட்டி போனால் போகட்டும், என்னுடையதுதான்.

உன் அம்மா
சரோஜா அர்ஜுனன்