பொட்டு அழியாமல் போன அம்மாவுக்கு

நெற்றி நிறையக் குங்குமத்தோடு போன என் அம்மாவுக்கு,

போன வாரம் பத்திரிகையில் உன் மரண அறிவிப்பு வந்தது. கொடுத்தவர் சித்தப்பா. "காலஞ்சென்ற கேப்டனின் விதவை" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார். தனகோடி என்ற உன் பெயர் அதற்குக் கீழே, பொடி எழுத்தில். உன் முகத்துக்கு நேரே இரண்டாம் தடவை சொல்லத் துணியாத வார்த்தையை, நீ பதில் சொல்ல முடியாத நாளாகப் பார்த்து அச்சில் ஏற்றிவிட்டார். அதனால்தான் நானும் நாலு பேர் படிக்கிற இடத்தில் உனக்கு எழுதுகிறேன்.

பதினாலு வயதில் ராயபுரத்தில் ரயிலேறி, பட்டாளத்து டாக்டரான அப்பாவோடு பெங்களூர், பூனா, பெஷாவர் என்று மூட்டை கட்டி மூட்டை அவிழ்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நீ. அவருடைய சட்டையின் பித்தளைப் பொத்தான்களை ஆர்டர்லியிடம் விடமாட்டாய். புளி போட்டு நீயே தேய்ப்பாய். அவர் மலாயாவுக்குக் கப்பலேறிய பிறகும், பெட்டியில் கிடந்த இன்னொரு சட்டையை எடுத்து வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்தாயே, சித்தப்பா அதை ஒரு நாளாவது பார்த்திருக்கிறாரா?

சிங்கப்பூர் விழுந்ததும், காணவில்லை என்று தந்தி வந்தது. கொஞ்ச நாளில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியாயிற்று. சித்தப்பா அம்மிக்கல்லைக்கூட விடாமல் ஏற்றிக்கொண்டு திருத்தணிக்குப் போய்விட்டார். அண்ணியை ஒரு வார்த்தை கூப்பிட்டாரா? சேலத்தில் வாத்தியாராக இருந்த நான் ஓடிவந்து கூப்பிட்டேன்.

"அவரு தபால் போட்டா இந்த விலாசத்துக்குத்தானேடா போடுவாரு?" என்றாய். துறைமுகத்துக்கு எதிரே, ஆள் இல்லாத தெருவில், தனியாக இருந்தாய். அப்பாவைக் கேட்டு வருகிறவர்களிடம், "வெளியூர் போயிருக்காரு" என்பாய். கடைசி வரை அதே பதில்தான்.

யுத்தம் முடிந்து, வருகிறவர்கள் எல்லாம் வந்தார்கள். அப்பா வரவில்லை. சித்தப்பாவுக்கு அப்போதுதான் குலமானம் ஞாபகத்துக்கு வந்தது. புரோகிதரை அழைத்துவந்து, புழல் ஏரிக்கரையில் அறுத்த தர்ப்பையால் ஆள் உருவம் ஒன்று முடையச் சொல்லி, அதுதான் அப்பா என்று கூடத்தில் கிடத்தினார். அதைக் கொளுத்திவிட்டுப் பத்தாம் நாள் உன் தாலியை இறக்குவதாக ஏற்பாடு.

உனக்கு வழக்கமாக மீன் போடும் கன்னியம்மா, விஷயம் தெரியாமல் கூடையோடு வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷனும் கட்டுமரத்தோடு போய்த் திரும்பாதவன். உடம்பு கரை ஒதுங்காமல் தாலி இறக்குவதில்லை என்பது அவர்கள் குப்பத்து வழக்கம். அவள் கழுத்தில் அது அப்படியே இருந்தது.

"இன்னா நைனா, வலையில உழாத மீனுக்கு ஏலம் வுட்டுகினுகீறே?"

"மீன வித்தமா போனமான்னு இரு. இது எங்க குடும்ப விஷயம்."

"எந்தக் குடும்பம்? குண்டு போடறான்னு அம்மிய தூக்கிகினு ஓடிச்சே, அதுவா?"

நீ எழுந்து வந்தாய். புல் உருவத்தைக் கைக்குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு போய், புரோகிதர் வந்த ஜட்காவின் குதிரைக்கு முன்னால் போட்டாய். குதிரை அதைத் தலைப்பக்கத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது. "பாவம், பசி போலிருக்கு" என்றாய்.

அதற்குப் பழி வாங்காமல் விடுவார்களா? சித்தப்பா மகள் கல்யாணத்தில் குங்குமத் தட்டு உன்னைத் தாண்டிப் போயிற்று. சுமங்கலிகளோடும் உன்னை உட்காரவிடவில்லை, மற்றவர்களோடும் சேர்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, "சாம்பார்ல உப்பு கம்மி" என்று மட்டும் சொன்னாய். எனக்குத்தான் இன்னும் எரிகிறது.

நீ போன அன்று, உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தோம். சித்தப்பா வந்ததும் வராததுமாக, "பொட்ட அழிச்சிட்டு வெள்ளைப் புடவை போத்துங்க. ஊரு சிரிக்கும்" என்றார். ஈரத்துணியை எடுத்து நீட்டவும் நீட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எழுபதைத் தாண்டிய மனுஷரை இன்னும் கொஞ்சத்தில் அடித்திருப்பேன்.

"ரெண்டு பேரும் தள்ளுங்கப்பா" என்று கன்னியம்மா நடுவே புகுந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு. உன் நெற்றிக் குங்குமத்தை விரலால் தொட்டுத் தன் தாலியில் வைத்துக்கொண்டாள், சுமங்கலி போனால் செய்வதுபோல. அவள் பின்னால் குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் சுவரோரம் நின்றார்கள்.

கடைசியாக வந்தது யார் தெரியுமா? சித்தி! புருஷன் முன்னால் இத்தனை வருஷமாக வாய் திறக்காத சித்தி. உன் நெற்றியைத் தொட்டு, அவரைப் பார்த்துக்கொண்டே தன் தாலியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க ஆயுசுக்குத்தான்" என்றாள்.

சித்தப்பா ஈரத்துணியை என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்பா உயிரோடிருக்கிறார் என்று நான் நம்பவில்லை, அம்மா. நீ நம்பினாயா? ஒரு நாளும் நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. பொத்தான்களை இந்த வெள்ளிக்கிழமை உன் மருமகள் தேய்த்தாள். நான் சொல்லித் தேய்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் புரோகிதர் என்னிடம், "தகப்பனார் இருக்காரா?" என்று கேட்பார். சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், பதிலை வாயில் தயாராக வைத்துக்கொண்டு. அவரை முந்திக்கொண்டு நான் சொல்வேன்:

"வெளியூர் போயிருக்காரு."

இப்படிக்கு,
தனகோடி அம்மாளின் மகன்,
சோமசுந்தரம்