ஆம்பிளிபயர் என்கிற ஆம்பிளப் பேய்

மூணுகல் தோட்டம், மேல் லயம்,
நோர்வூட், இலங்கை.
24.5.1939

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

உன் புருஷன் சோலைமலை தன் கையாலேயே எழுதுவது. நம்பாவிட்டால் உன் தம்பியை எழுத்தைப் பார்க்கச் சொல். முன்பு போலத் தோட்டத்து மேற்பார்வைக்காரர் கண்டாக்கையா எழுதிக் கொடுத்தால் இப்படியா சாய்ந்து சாய்ந்து கிடக்கும்? சாயங்காலப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்ததற்கு இதுதான் பலன். “அறுபது வயசுல அனா ஆவன்னாவா? போங்கங்க” என்று சிரித்தாயே. இந்த நாலு வரி எழுதுவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிட்டது. ஆறட்டும். எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை, எழுதத்தான் தோன்றுகிறது.

உனக்குப் படிக்கத் தெரியாது. உன் தம்பி கணேசமூர்த்திதான் படித்துச் சொல்ல வேண்டும். எழுதுகிற பக்கமாவது நடுவில் ஆள் இல்லாமல் ஆயிற்று.

நீ ஊருக்குப் போன காரியம், உன் தம்பி மகள் கல்யாணம், நல்லபடி முடிந்ததா? நம் பூரணிக்கு ஆவணி முதலில் பிள்ளை பிறக்கும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். “அம்மா வந்தாத்தான் பெத்துக்குவேன்” என்கிறாள், ஏதோ அது அவள் கையில் இருப்பது போல. ஆடி பிறந்ததும் நீ கப்பலேறிவிட வேண்டும். தலைப்பிரசவம். அவள் புருஷன் மலைக்குப் போய்விடுவான். நான் ஆம்பிளை, வெளியே நின்று கையைப் பிசையத்தான் லாயக்கு.

இன்னொரு சந்தோஷம். நம் ஆம்பிளப் பேய்க்கு உயிர் வந்துவிட்டது! நீ போன நாளிலிருந்து வாய் திறக்காமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அதன் வயிற்றைத் திறந்து பார்த்துச் சரி பண்ணினேன். சாயங்காலம் பொம்பளைக் குரலில் பாட ஆரம்பித்துவிட்டது. லயத்து வரிசை வீடுகளெல்லாம் நம் வாசலில் கூடின. அது சத்தம் போட்டால் பூரணி வயிற்றுப் பிள்ளை உதைக்கிறதாம்.

அது வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? அதற்கு முந்தின வருஷமெல்லாம் ஒரு காதில் மட்டும்தான் குரல் கேட்கும். நீயும் நானும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு கேட்போம். உன் இடது கன்னம், என் வலது கன்னம். பிறகுதான் துரை இதைக் கொடுத்தார். பங்களாவிலிருந்து தலையில் சுமந்து வந்தேன். எல்லாரும் ஆ என்று வாயைப் பிளந்தார்கள். நீ மட்டும் அடுப்படியிலிருந்து, “இனிமே ஊரே கேக்கும். நம்ம கன்னத்துக்கு வேல இல்ல” என்றாய்.

சீக்கிரம் வா.

உன் புருஷன்,
சோலைமலை
(கையெழுத்தும் நானே போட்டது)


மேட்டுப்பட்டி,
துறையூர் தாலுகா.
6.6.1939

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

கணேசமூர்த்தி வணங்கி எழுதுவது. இங்கு அக்கா சுகம். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. பந்தியில் அக்காதான் முன்னால் நின்று பரிமாறியது. தாங்கள் சொந்தக் கையால் எழுதியதைப் பார்த்து எல்லோரும் ஆச்சரியப்பட்டோம்.

ஆனால் கடிதம் முழுவதையும் அக்காவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. பூரணி சேதியோடு நிறுத்திக்கொண்டேன். தாங்கள் எழுதியிருக்கும் அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அது எத்தனை வருஷமாக வீட்டில் இருக்கிறது? முதலில் யாரிடம் இருந்தது? பார்ப்பதற்கு எப்படி? என்னதான் கேட்கிறது? மச்சான் எதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

தங்கள்,
கணேசமூர்த்தி


மூணுகல் தோட்டம்.
16.6.1939

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். காலையில் ஆரம்பித்து மத்தியானம் முடித்தேன். நம் பேயைப் பற்றி இவ்வளவு ஆசையாக யாரும் என்னிடம் விசாரித்ததில்லை. கேள்.

ஏழு வருஷமாக இருக்கிறது. முதலில் துரை பங்களாவில் இருந்தது. ஒரு நாள் திடீரென்று வீல் என்று கத்தியதில் துரைசாணிக்குத் தலைவலி வந்துவிட்டது. துரை என்னைக் கூப்பிட்டு, “சோலமல, இது எங்கயாவது கொண்டு போ” என்று கொடுத்துவிட்டார். இஞ்சின் ரூமில் இருபது வருஷம் வேலை பார்த்தவன் அல்லவா, எனக்கு அதன் குணம் பிடிபட்டது.

பார்ப்பதற்குக் கறுப்பு. இரண்டு கண். விழித்துக்கொண்டால் இரண்டும் மங்கலாகச் சிவக்கும். பேசுவதற்கு முன் கொஞ்ச நேரம் உம் என்று உறுமும். பெரும்பாலும் இங்கிலீஷ்தான். நல்ல வேளை பார்த்து எழுப்பினால் தமிழ். பதினைந்து நாளுக்கு ஒரு முறை தீனி வைக்க வேண்டும். அதற்குக் குடிக்க நெருப்புத் தண்ணீர். ஒரு தடவை என் சட்டையில் ஒரு சொட்டுப் பட்டு ஓட்டை விழுந்துவிட்டது. தீனி தீர்ந்தால் முனகி முனகி அடங்கிவிடும்.

ஒரு அதிசயம் சொல்கிறேன். உன் அக்காவென்றால் அதற்கு உயிர். எவ்வளவு உறுமினாலும் அவள் போய் அதன் மேல் கையை வைத்தால் அடங்கி ஒழுங்காகப் பேசும். நான் வைத்தால் இன்னும் கத்தும். “ஆம்பிளப் பேய் பொம்பளக் கைக்குத்தான் அடங்கும்” என்று லயத்தில் கேலி செய்வார்கள். இப்போதும் அவள் கையில்லாமல் உறுமிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்காகவாவது அவளைச் சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
சோலைமலை


மேட்டுப்பட்டி.
20.7.1939

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

தங்கள் கடிதத்தைக் கண்டு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. குறி சொல்லும் கோடாங்கியிடம் கொண்டு போனேன். அவர் வெளியூர் போயிருந்து வந்து நேற்றுத்தான் பார்த்துச் சொன்னார். வெள்ளைக்காரன் பங்களாவில் கிடந்த துர்மரணப் பேயாம். தங்களை அடிமையாக்கிவிட்டதாம். இப்போது அக்காவைத்தான் கேட்கிறதாம். ஆடிப் பதினெட்டில் ஆற்றங்கரையில் கறுஞ்சேவல் கொடுத்து இரண்டு தாயத்துக் கட்ட வேண்டும், ஒன்று அக்காவுக்கு, ஒன்று பூரணிக்கு. அது முடிந்த மறுநாளே அக்காவை நானே கூட்டி வந்து கப்பலேற்றுகிறேன்.

அக்கா தினமும் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு, “எப்படா கூட்டிட்டுப் போற? புள்ளக்கி நாளாச்சுடா” என்று நச்சரிக்கிறது. விஷயத்தைச் சொன்னால் பயந்துவிடும் என்று, ஆடியில் அனுப்பும் வழக்கமில்லை என்று சமாளிக்கிறேன். மச்சான் கோபிக்கக் கூடாது. “அந்த ஆளு பேயே இல்லேன்னு எழுதுவாரு, நம்பாத” என்றும் கோடாங்கி சொல்லியிருக்கிறார்.

தங்கள்,
கணேசமூர்த்தி


மூணுகல் தோட்டம்.
28.7.1939

மாப்பிள்ளை கணேசமூர்த்திக்கு,

அது பேய் இல்லை. நான் இப்படி எழுதுவேன் என்று அந்தக் கோடாங்கி முன்பே சொல்லிவிட்டான், நான் வேறு எப்படி எழுதுவது? அது ஒரு இயந்திரம். சின்னச் சத்தத்தைப் பெரிய சத்தமாக்கும் பெட்டி. இங்கிலீஷில் ஆம்பிளிபயர். லயத்தில் யாருக்கும் வாயில் நுழையாமல் ஆம்பிளப் பேய் ஆகிவிட்டது. ரேடியோவில் கொழும்புக்காரர்கள் பாடுவதைக் காதுக்குழலில் ஒருவர்தான் கேட்க முடியும். இது இருந்தால் எல்லாரும் கேட்கலாம். கண் என்றது உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல். தீனி என்றது பேக்டரியில் கொண்டு போய்ப் பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றுவது. நெருப்புத் தண்ணீர் அதில் ஊற்றும் ஆசிட். உன் அக்காவைக் கேள், அவள் சிரிப்பாள். அவளிடம் கேட்காமல் கோடாங்கியிடம் போனாயே!

நேற்று உன் கடிதம் வந்ததும் முதலில் நானும் சிரித்தேன். உடனே இதை விளக்கி எழுதலாம் என்று தாள் வாங்க நோர்வூட்டுக்கு ஹுசைன் நானா கடைக்குப் போனேன். நானா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “சோலமல, ஒங்க பொஞ்சாதி ஊருல இருந்து வந்துட்டாவா?” என்றார். இல்லை என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டார். ஆகஸ்டு ஒன்றாம் தேதியிலிருந்து தோட்ட வேலைக்கென்று யாரையும் கப்பலேற்றக் கூடாது என்று இந்தியா அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கிறதாம். இன்று ஜூலை இருபத்தெட்டு.

நானா இங்கிலீஷில் தந்தி எழுதிக் கொடுத்தார். அதில் ஆம்பிளிபயர் என்று சரியாக எழுதச் சொன்னேன். தந்தி முன்னால் வரும், இந்தக் கடிதம் பின்னால் வரும். எது முதலில் கிடைத்தாலும் அந்த நிமிஷமே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. சேவல் பிழைத்துப் போகட்டும்.

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து சரியில்லை என்று நினைக்காதே.

சோலைமலை


மேட்டுப்பட்டி.
6.8.1939

அன்புள்ள பூரணி அப்பாவுக்கு,

நாகலெட்சுமி சொல்லச் சொல்லத் தம்பி எழுதுகிறான். ஒரு எழுத்தைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று அவன் கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அழுதுகொண்டே எழுதுகிறான். தாள் நனைந்தால் அது அவன் கண்ணீர், என்னுடையது இல்லை.

தந்தி சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. தந்தி என்றதுமே வீட்டில் எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டார்கள். நீங்கள்தான் போய்விட்டீர்கள் என்று நினைத்தார்கள். நானும் அழுதேன், பொய் சொல்லவில்லை. இங்கிலீஷ் படிக்க ஊரில் ஆள் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை துறையூர் தபாலாபீசில் படித்துக் காட்டினார்கள். “யோவ், பேய் இல்லய்யா, மெஷினு! ஒண்ணாந் தேதிக்குள்ள அனுப்பச் சொல்றாரு” என்று அந்த ஐயா சொன்னதும் தம்பி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். எனக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது.

அன்றைக்கே கிளம்பினோம். திருச்சியில் ரயில் ஏறி மண்டபம் போய்ச் சேர்ந்தது இரண்டாம் தேதி காலை. அங்கே முகாமில் குமாஸ்தா, “எதுக்கும்மா போற?” என்று கேட்டார். பயத்தில் என்றைக்கும் சொல்வதையே சொன்னேன். “கொழுந்து எடுக்கத்தாங்க.” அவர் அதை எழுதிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று அதற்குப் பிறகுதான் சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் முதலில் சொன்னதுதான் தாளில் இருந்தது. என்னைப் போலத் திருப்பி விட்டவர்கள் அங்கே இருநூறு பேர். கடல் தெரிகிற தூரம்.

நீங்கள் வந்துவிடாதீர்கள். வந்தால் நீங்களும் இந்தப் பக்கம், நம் பிள்ளை மட்டும் அந்தப் பக்கம். அவளுக்குப் பக்கத்தில் இருங்கள். வெந்நீரில் ஓமம் போட்டுக் கொடுங்கள். பனியில் வெளியே விடாதீர்கள். அவள் அம்மா எங்கே என்று கேட்டால் வழியில் வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

தம்பியைத் திட்ட வேண்டாம். நான் திட்டிவிட்டேன்.

நாகலெட்சுமி


மூணுகல் தோட்டம்.
22.8.1939

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

மாப்பிள்ளை, இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படி. எதையும் விழுங்காதே. நான் இங்கே முணுமுணுப்பதை நீ அங்கே பெரிதாகச் சொல்ல வேண்டும். இனிமேல் எங்கள் இரண்டு பேருக்கும் நீதான் ஆம்பிளிபயர். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். எங்கள் மேல் உனக்கிருந்த பாசத்தில் நீ தவறு செய்தாய். நான் எழுதத் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் செய்தேன்.

நாகலெட்சுமி, உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். ஆவணி மூன்றாம் தேதி, விடிந்து, வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிக்கும் நேரம். தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு உன் நெற்றி. இடது காது மடல் கொஞ்சம் மடிந்திருக்கிறது, எண்ணெய் தடவி நீவினால் சரியாகிவிடும் என்றாள் மருத்துவச்சி. நீவுகிற கை நீ இருந்தால் உன்னுடையதாக இருக்கும். இப்போது நான் நீவுகிறேன். என் கை முரடு. பயந்து பயந்து தொடுகிறேன்.

நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். “வழியில வந்துக்கிட்டு இருக்கா ஆத்தா” என்றேன். வலி வந்த நேரம் பூரணி, “அப்பா, அம்மா எங்க வந்துட்டாங்க? தலமன்னாரு தாண்டிட்டாங்களா?” என்று கேட்டாள். பக்கத்து ஸ்டேஷன் அட்டன் வரை வந்துவிட்டாய் என்றேன். பிறகு அம்மா என்று ஒரு கத்து. மலையே கேட்டிருக்கும். நான் வாசலில் நின்றேன். சின்னச் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி என் வீட்டில் இருக்கிறது. அந்தப் பெரிய சத்தத்தை உன்னிடம் கொண்டு சேர்க்க என்னிடம் எதுவுமில்லை. பிள்ளை பிறந்த பிறகு அவள் கேட்கவில்லை. நான் சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டாள் போல. என்னையும் திட்டவில்லை.

திருச்சியில் புதிதாக ரேடியோ ஸ்டேஷன் வைத்திருக்கிறார்களாம், ஹுசைன் நானா சொன்னார். சாயங்காலங்களில் ரேடியோக் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். உம் என்ற உறுமல்தான் வருகிறது. மேலே கை வைத்து அடக்க ஆளில்லை. பிள்ளை விழித்துக்கொள்கிறாள் என்று நேற்று ஆம்பிளப் பேயைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டு, பழைய காதுக்குழலையே மாட்டிக்கொண்டேன்.

உத்தரவு மாறும் என்று சிலர் சொல்கிறார்கள். மாறாது என்று சிலர். எனக்கு எழுத மட்டும்தான் தெரியும். எழுதிக்கொண்டே இருப்பேன்.

மாப்பிள்ளை, கடைசி வரியை மட்டும் சத்தமாகப் படிக்காதே. அவள் காதுக்குப் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்.

என் வலது கன்னம் சும்மாதான் இருக்கிறது.

சோலைமலை