ஒரு நாள் சாவு

மார்ச் 9
உள்ளே வந்து 41ஆம் நாள்

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுறேன். நானும் உன் வீட்டுக்காரரும் நல்லா இருக்கோம். நீயும் குட்டியும் எப்படி? செவ்வாய்க்குப் போன மாதிரி பாவனை பண்ண ஆறு பேரைப் பொட்டல்காட்டுல ஒரு டப்பாவுக்குள்ள அடைச்சிருக்காங்கன்னு நீ ஊர் பூரா சொல்லிச் சிரிக்கிறியாமே. சிரி, சிரி. டாக்டரா வந்த நான் இங்க தட்டு கழுவுறேன். குளியல் வாரத்துக்கு ரெண்டு தடவை, அதுவும் ரெண்டே நிமிஷம்.

கேளு, நேத்து மாப்பிள்ளை செத்துட்டார்! பதறாதே. வெளியே போனா விண்வெளி உடுப்பு, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கணும். வெளியே இருக்கிறது நம்ம காத்துதான், ஆனா இல்லைன்னு நினைச்சுக்கணும். மனுஷன் தும்மல் வந்துச்சுன்னு ஹெல்மெட்டைக் கழட்டி மூக்கைத் துடைச்சுட்டார். கழட்டினா செத்த கணக்கு. ஒரு நாள் முழுக்கப் படுக்கையில கிடக்கணும், யாரும் பேசக்கூடாது, தட்டை வாசல்ல வெச்சுட்டு வந்துடுவோம். விதியைப் போட்டதே நான்தான். "அக்கா, கொஞ்சம் உப்பு"ன்னு கேட்டார். காதே கேக்காத மாதிரி போயிட்டேன். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

உன் அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

கம்ப்யூட்டர்ல உன் கடிதம் வந்துச்சு. செவ்வாய் தூரம்னு காட்ட இருபது நிமிஷம் நிறுத்தி வெச்சு அனுப்புறாங்களாமே. நான் பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துல வந்து உன் காதைத் திருகிடுவேன்.

நீ சிரிச்சே, எனக்குச் சிரிப்பு வரலை. அவர் எனக்குத் தனியா எழுதியிருக்கார். "உங்க அக்கா முகத்துல முழிக்கவே வெக்கமா இருக்கு. இனி உயிரே போனாலும் கழட்ட மாட்டேன்"னு. ரோஷக்காரர்னு உனக்குத் தெரியாதா? ஒரு வருஷம் வேலை இல்லாம உக்காந்திருந்த மோட்டார் மெக்கானிக். அங்கயாவது தலை நிமிர்ந்து இருக்கட்டும்.

அவரோட மூச்சு இளைப்பை நீ மருத்துவச் சான்றிதழ்ல எழுதாம விட்டே. நான்தான் கெஞ்சினேன், இல்லைங்கலை. அதனாலதான் சொல்றேன், ஒரு கண் வெச்சுக்கோ. உன்னை நம்பித்தான் அனுப்பினேன்.

குட்டிக்கு முன்பல் விழுந்துடுச்சு. அப்பா வந்து பாக்கிறதுக்குள்ள புதுசு முளைச்சிடும்னு அழறா. விழுந்த பல்லைத் தீப்பெட்டியில போட்டு வெச்சிருக்கா.

உன் தங்கச்சி


ஏப்ரல் 3

என் தங்கமே,

மாப்பிள்ளையோட தகனத்தன்னிக்கு நீ என் முகத்தைப் பாக்கலை. எனக்கும் சொல்ல வாய் வரலை. அதனால எழுதுறேன்.

ஐம்பத்தாறாவது நாள். தண்ணித் தொட்டியைப் பாக்க வெளியே போனார். உடுப்புக்குப் பின்னால காத்து ஊதுற விசிறி நின்னுபோச்சு. ரேடியோவுல கூப்பிட்டார். "அக்கா, காத்து வரலை, இளைக்குது. கழட்டட்டுமா?" நான், "வேண்டாம், சமாளிங்க, இதோ வர்றேன்"னு சொன்னேன்.

உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவுல ஒரு சின்ன அறை. காத்தை வெளியேத்துற மாதிரி அங்க அஞ்சு நிமிஷம் நிக்கணும். ஒண்ணும் வெளியேறாது, சுவத்துல கடிகாரம் ஓடும், அவ்வளவுதான். நான் நின்னேன்டி. கதவுல பூட்டுகூட இல்லை. கண்ணாடி வழியா அவர் உக்காந்திருக்கிறது தெரிஞ்சுது. கையைத் தூக்கினார். நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

ஏன் நின்னேன்? வெளியே காத்து இருக்குங்கிறதே எனக்கு மறந்துபோச்சு. இதைச் சொன்னா யார் நம்புவாங்க? எங்களை உள்ளே அனுப்பின ஆபீஸ்ல விசிறி பழுதுன்னு மட்டும் எழுதிக்கிட்டாங்க. நானும் வாயைத் திறக்கலை. முதல்ல உனக்குத்தான் சொல்றேன்.

திட்டு, அடி. பேசாம மட்டும் இருந்துடாதே.

பாவி
உன் அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

மூணு தடவை படிச்சேன். குட்டி பள்ளிக்கூடம் போனதும் அடுப்படியில நின்னு, கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே மூச்சை அடக்கிப் பாத்தேன். ஒரு நிமிஷம்கூட முடியலை. அஞ்சு நிமிஷம் ரொம்ப நேரம், அக்கா.

இளைப்பை மறைக்கச் சொன்னது நான். அந்தப் பாவத்துல பாதி என்னுது. சாகிற வரைக்கும் சுமப்பேன். ஆனா அவர் உன்கிட்ட கேட்டார். தும்மலுக்குக் கேக்காமக் கழட்டினவர், மூச்சு முட்டுறப்போ உன்கிட்ட அனுமதி கேட்டார். அன்னிக்கு நீ அந்த உப்பைக் குடுத்திருந்தா கேட்டிருக்க மாட்டார்.

எனக்கு எழுதினதை அப்படியே ஆபீஸ்லயும் எழுதிக் குடு. அடுத்த ஆறு பேர் அதே உடுப்பைத்தான் போட்டுக்கப் போறாங்களாம்.

செத்தவங்ககூட யாரும் பேசக்கூடாதுன்னு விதி போட்டது நீதானே. உன் விதியில சாவு ஒரு நாளோட முடிஞ்சிடும். என்னால அப்படி முடிக்க முடியாது. இனி எழுதாதே.

போறப்போ இங்க விட்டுட்டுப் போன உன் பெட்டியை வாசல்ல வெச்சிருக்கேன். நாங்க இல்லாத நேரமா வந்து எடுத்துக்கோ.

குட்டியோட அம்மா